செங்கண்மாரியும் ஈரற்கலமும்: கம்பளையிலிருந்து ஒரு வரலாற்றுப் பார்வை

2007 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் கம்பளை நகரில் செங்கண்மாரி பரவியது. நூற்றுக்கணக்கானோர் நோயுற்றனர். நோய்க்குக் காரணம் ஹெபடைட்டிஸ் ஏ என்னும் வைரஸ் என்று கண்டறியப்பட்டது. நகரின் குடிநீர் மீது ஐயம் விழுந்தது. கொதித்தாறிய நீரையே பருகுங்கள் என்ற அறிவுறுத்தல் வீடு வீடாகச் சென்றது. கண்டிக்குத் தெற்கே மகாவலியின் கரையில் அமைந்த, 14 ஆம் நூற்றாண்டில் ஓர் இராசதானியாக விளங்கிய அச்சிறு நகரம், சில வாரங்கள் நாட்டின் எல்லாப் பத்திரிகைகளிலும் இடம்பிடித்தது.

அந்நாட்களில் செய்தி மேசைகளில் எழுந்த வினாக்கள் வழமையானவை. எத்தனை பேர் பாதிக்கப்பட்டனர்? எந்த வீதியில் அதிகம்? எந்தக் குழாயில் எந்தக் கழிவு கலந்தது? யார் பொறுப்பு? பத்திரிகை கேட்டேயாக வேண்டிய வினாக்கள் இவை. ஆனால் இவற்றுக்குப் பின்னால் இன்னொரு வினா இருக்கிறது. அதற்கு விடை தேட மருத்துவ உலகுக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் தேவைப்பட்டது. கலைப்பீடப் பட்டத்துடன் பத்திரிகைத் தொழிலுக்கு வந்த எனக்கு அந்த வினாவின் வரலாறு நீண்ட காலமாகவே ஈர்ப்பாக இருந்து வருகிறது.

வினா இதுதான். ஹெபடைட்டிஸ் ஏ வைரஸ் உடலுக்குள் புகுந்து நோய் வெளிப்படுவதற்குச் சராசரியாக 28 நாட்கள் ஆகின்றன. 15 நாட்களிலும் வரலாம், 50 நாட்களும் ஆகலாம். இந்த இடைவெளியில் வைரஸ் ஈரற்கலங்களுக்குள் இலட்சக்கணக்கில் பெருகுகிறது. மலத்துடன் வெளியேறிக்கொண்டும் இருக்கிறது. ஆயினும் அந்த மனிதர் வேலைக்குப் போகிறார், உண்கிறார், உறங்குகிறார். அவருடைய ஈரலில் குறிப்பிடத்தக்க சேதம் எதுவும் இல்லை. பின்னர், வைரஸின் அளவு குறையத் தொடங்கும் வேளையில்தான் கண் மஞ்சளாகிறது, சிறுநீர் கடுந்தேநீரின் நிறம் கொள்கிறது, உணவின் வாசனையே குமட்டுகிறது. பகைவன் கோட்டைக்குள் பெருகி நின்றபோது அமைதி. அவன் பின்வாங்கும்போது கோட்டை தீப்பற்றுகிறது. அப்படியானால் தீ வைத்தது யார்?

அடைப்பு என்று நினைத்த காலம்

மஞ்சள் நிறத்தைத் தமிழ் மருத்துவம் பன்னெடுங்காலமாக அறியும். காமாலை என்றது, பித்தத்தின் மிகுதி என்றது. மேற்குலகின் பழைய மருத்துவமும் பித்தத்தையே பேசியது. இந்த நோக்கில் உண்மை இல்லாமல் இல்லை. பழுதடைந்த செங்குருதிக் கலங்களிலிருந்து பிறக்கும் பிலிருபின் என்னும் மஞ்சட் பொருளைப் பித்தத்தோடு சேர்த்து வெளியேற்றுவது ஈரலின் வேலைகளில் ஒன்று. அந்த வேலை தடைப்பட்டால் அப்பொருள் குருதியில் தேங்குகிறது, கண்ணிலும் தோலிலும் படிகிறது.

ஆனால் தடை எங்கே? 19 ஆம் நூற்றாண்டு ஜெர்மனியின் பேரறிஞர் ருடொல்ப் வியர்ஹோ பித்தக்குழாயின் வாயில் சளி அடைத்துக்கொள்வதே காரணம் என்று கருதினார். கலங்களிலிருந்தே நோயை விளக்க வேண்டும் என்று மருத்துவ உலகுக்குக் கற்பித்தவர் அவரே. செங்கண்மாரியில் மட்டும் கலத்தை விட்டுவிட்டுக் குழாயைப் பார்த்தார். அவருடைய செல்வாக்கினால் அக்கருத்து பல பத்தாண்டுகள் பாடநூல்களில் நிலைத்தது. நோயாளர் பெரும்பாலும் உயிர் பிழைத்துவிடுவதால் அவர்களுடைய ஈரலைத் திறந்து பார்க்கும் வாய்ப்பு மருத்துவருக்குக் கிடைக்கவில்லை. இறந்தவரின் ஈரலோ, இறந்தபின் விரைவில் சிதைந்து எதையும் தெளிவாகச் சொல்ல மறுத்தது.

இதற்கிடையில் ஒரு சிறு தடயம் கிடைத்திருந்தது. 1890 ஆம் ஆண்டளவில் அமெரிக்க நோயியலாளர் வில்லியம் கவுன்சில்மன், மஞ்சட் காய்ச்சலால் இறந்தோரின் ஈரலில் சுருங்கி உருண்டு, சாயத்தில் செந்நிறமாகத் தெரியும் சிறு உருண்டைகளைக் கண்டு விவரித்தார். அவை இறந்த ஈரற்கலங்கள். அழுகிச் சிதைந்தவை அல்ல. கூட்டத்திலிருந்து விலகி, தம்மைத் தாமே மடித்துக்கொண்டு இறந்தவை போலக் காணப்பட்டன. கவுன்சில்மன் உருண்டைகள் என்று இன்றும் அழைக்கப்படும் அவற்றின் பொருள் என்னவென்று அறிய இன்னும் 80 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

போரும் ஊசியும்

1939 இல் டென்மார்க்கின் ஈவர்சன், ரோஹோல்ம் என்னும் இரு மருத்துவர்கள் உயிருள்ள நோயாளியின் ஈரலில் ஊசி செலுத்தி ஒரு துளித் தசையை எடுத்து ஆராயும் முறையைச் செங்கண்மாரியில் பயன்படுத்தினர். அதே ஆண்டில் இரண்டாம் உலகப் போர் மூண்டது. படைகள் செல்லும் இடமெல்லாம் செங்கண்மாரியும் சென்றது. மத்தியதரைக் கடற்பகுதிப் போர்முனைகளில் குண்டடி படாமலே பல்லாயிரம் வீரர் படுக்கையில் விழுந்தனர்.

இன்னொரு விபரீதமும் நிகழ்ந்தது. 1942 இல் அமெரிக்கப் படையினருக்கு மஞ்சட் காய்ச்சல் தடுப்பூசி போடப்பட்டது. அந்த மருந்தைக் கெடாமல் வைத்திருக்க மனிதக் குருதித் தெளியம் சேர்க்கப்பட்டிருந்தது. அதன் சில தொகுதிகள் தொற்றுற்றிருந்தன. ஏறத்தாழ 3,30,000 வீரருக்குத் தொற்று ஏற்பட்டது என்றும், அவர்களுள் சுமார் 50,000 பேர் நோயுற்றனர் என்றும் பிற்காலத்து ஆய்வுகள் கணக்கிட்டன. அது ஹெபடைட்டிஸ் பி என்பது பல பத்தாண்டுகளின் பின்னரே உறுதியாயிற்று.

இந்தப் போரின் ஒரு மூலை நமது கண்டியிலும் இருந்தது. 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் பிரபு தமது தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகத்தைப் புதுடில்லியிலிருந்து பேராதனைத் தாவரவியற் பூங்காவுக்கு மாற்றினார். பர்மாக் காடுகளில் நின்ற படைகளை எதிரியைவிட நோய்களே அதிகம் வாட்டிய காலம் அது. இன்று காதலரும் பாடசாலைப் பிள்ளைகளும் உலாவும் அந்தப் பூங்காவில் அன்று போர்த் திட்டங்கள் வரையப்பட்டன.

போரினால் மருத்துவத்துக்குக் கிடைத்த ஆதாயம் ஒன்று. நோயாளர் பெருந்தொகையாகக் கிடைத்தனர். 1943 இல் லண்டனில் டிபிள், மக்மைக்கல், ஷீலா ஷெர்லொக் ஆகிய மூவரும் ஊசி வழியாக எடுத்த ஈரல் தசைகளை ஆராய்ந்து வெளியிட்டனர். தொற்றால் வந்த செங்கண்மாரியாயினும் ஊசியால் வந்ததாயினும் பழுது குழாயில் அல்ல, ஈரற்கலத்திலேயே என்பது அங்கு தெளிவாயிற்று. கலங்களின் நடுவே வெண்குருதிக் கலங்கள் திரண்டிருந்தன. ஆங்காங்கே கலங்கள் இறந்திருந்தன. வியர்ஹோவின் சளியடைப்பு அத்துடன் விடைபெற்றது. அந்த இளம் மருத்துவர் ஷெர்லொக், பின்னாளில் ஈரல் மருத்துவத்தின் தாய் என்று போற்றப்படும் நிலைக்கு உயர்ந்தார். 1955 அளவில் இத்தாலியிலும் அமெரிக்காவிலும் நடந்த ஆய்வுகள், சேதமுற்ற ஈரற்கலங்களிலிருந்து சில நொதியங்கள் குருதிக்குள் கசிவதைக் காட்டின. இன்று நமது ஆய்வுகூட அறிக்கைகளில் எஸ்.ஜி.பி.ரி. என்று அச்சிடப்படும் எண், கலங்களின் அந்தத் துன்பத்தின் அளவீடே.

பகைவர் ஐவர்

1947 இல் பிரித்தானிய மருத்துவர் மக்கலம், உணவாலும் நீராலும் பரவுவதை ஏ என்றும் குருதியால் பரவுவதை பி என்றும் பிரித்தழைக்கும் வழக்கத்தைத் தொடக்கிவைத்தார். எழுத்துகள் கிடைத்தன, வைரஸ்கள் கிடைக்கவில்லை. அமெரிக்கர் பரூக் புளும்பேர்க் 1960களில், வைரஸைத் தேடாமல் மனிதக் குழுக்களின் குருதி வேறுபாடுகளைத் தேடிக்கொண்டிருந்தபோது, ஓர் அவுஸ்திரேலியப் பழங்குடி மகனின் குருதியில் விசித்திரமான புரதம் ஒன்றைக் கண்டார். அது ஹெபடைட்டிஸ் பி வைரஸின் மேலுறை என்பது பின்னர் வெளியாயிற்று. 1976 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1973 இல் பைன்ஸ்ரோன், கப்பிகியன், பேர்செல் ஆகியோர் இலத்திரன் நுணுக்குக்காட்டியில் ஹெபடைட்டிஸ் ஏ வைரஸைக் கண்ணாற் கண்டனர். 1977 இல் இத்தாலியின் மரியோ ரிசெற்றோ, பி இன் துணையின்றி வாழவியலாத டெல்ரா வைரஸை அறிவித்தார். 1989 இல் ஹெபடைட்டிஸ் சி வந்தது. அதற்காக ஹார்வி ஓல்ற்றர், மைக்கல் ஹௌற்றன், சார்ள்ஸ் ரைஸ் ஆகிய மூவருக்கும் 2020 இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

ஐந்தாவது எழுத்தான ஈ, நமது பிராந்தியத்தின் கதை. 1955 டிசம்பரிலும் அடுத்த மாதத்திலும் டில்லியில் 29,000 க்கு மேற்பட்டோர் செங்கண்மாரியுற்றனர். யமுனையின் வெள்ளத்தையடுத்து நகரின் நீரெடுக்கும் இடத்தில் கழிவு கலந்ததே காரணம். கர்ப்பிணிகள் பலர் இறந்தனர். நெடுங்காலம் இது ஏ வகை என்றே எண்ணப்பட்டது. சேமித்து வைத்திருந்த குருதி மாதிரிகளை 1980 இல் மீளாய்ந்தபோதுதான் அது ஏ அல்ல என்று தெரிந்தது. 1983 இல் சோவியத் ஆய்வாளர் பாலயன், நோயாளரின் மலச்சாற்றைத் தாமே அருந்தி நோயுற்று, தமது மலத்தில் அந்தப் புதிய வைரஸை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் கண்டார். விஞ்ஞான வரலாற்றில் இத்தகைய துணிவை வீரம் என்பதா, விபரீதம் என்பதா என்பதை வாசகரின் தீர்ப்புக்கு விடுகிறேன்.

கொல்வது யார்?

வைரஸைக் கண்டவர்கள் அதைக் குற்றவாளியாக நிறுத்தினர். ஆனால் சாட்சியம் பொருந்தவில்லை. 1979 இல் ஆய்வுகூடத்தில் ஹெபடைட்டிஸ் ஏ வைரஸ் வளர்க்கப்பட்டது. பல வைரஸ்கள் தாம் வளரும் கலத்தை ஓரிரு நாளில் உடைத்து வெளியேறும். இதுவோ கலத்தை உடைக்காமல் அதனுள் அமைதியாகப் பெருகியது. பி, சி வைரஸ்களும் பெரும்பாலும் அப்படியே. பி வைரஸைச் சுமக்கும் பலர் பல ஆண்டுகள் நலமாக வாழ்கின்றனர்.

விடையின் முதற்பாதி உடலின் காவற்படையில் கிடைத்தது. தொற்றுற்ற கலத்தை அடையாளங்கண்டு கொல்லும் வெண்குருதிக் கலங்களே ஈரலில் திரள்கின்றன. மறுபாதி, கலத்துக்குள்ளேயே இருந்தது.

அவுஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் ஜோன் கேர் என்னும் நோயியலாளர், எலியின் ஈரலுக்குச் செல்லும் குருதியைக் குறைத்து ஆராய்ந்து கொண்டிருந்தார். சில கலங்கள் வீங்கி வெடித்து இறந்தன. வேறு சில சத்தமின்றிச் சுருங்கி, உருண்டு, அயற்கலங்களால் விழுங்கப்பட்டன. 1972 இல் அவரும் ஸ்கொட்லாந்தின் வைலி, கறி ஆகியோரும் இவ்விரண்டாம் வகைச் சாவுக்கு இலையுதிர்தலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைத் தேர்ந்து, அப்போப்ரோசிஸ் என்று பெயரிட்டனர். முதுமையிலோ நெருக்கடியிலோ கலம் தன்னைத் தானே முடித்துக்கொள்ளும் ஒழுங்கு அது. கவுன்சில்மன் 1890 அளவில் கண்ட செந்நிற உருண்டைகளின் பொருள் அப்போதுதான் விளங்கிற்று.

ஒரு தேயிலைத் தொழிற்சாலையை எண்ணிப் பாருங்கள்

கலம் தன்னை முடித்துக்கொள்ளும் முடிவை எப்படி எடுக்கிறது? அம்முடிவுக்கு முன்னர் என்னென்ன செய்து பார்க்கிறது? நெருக்கீட்டுக்குக் கலம் காட்டும் எதிர்வினை என்று விஞ்ஞானிகள் இன்று அழைக்கும் துறை இங்கேதான் தொடங்குகிறது.

அதன் தொடக்கமும் தற்செயலானதே. 1960களின் தொடக்கத்தில் இத்தாலியில் பெருச்சியோ ரித்தோசா என்பவர் பழ ஈக்களை ஆராய்ந்து கொண்டிருந்தார். ஆய்வுகூடத்தில் யாரோ அடைகாக்கும் பெட்டியின் வெப்பத்தை உயர்த்திவிட்டனர். வெப்பத்தில் வாடிய ஈக்களின் நிறமூர்த்தங்களில், வழமையில் அடங்கியிருக்கும் சில பகுதிகள் புடைத்தெழுந்து வேலை செய்வதை அவர் கண்டார். 1962 இல் வெளியான அந்த அவதானம், துன்பம் வரும்போது கலம் தனக்கென வைத்திருக்கும் அவசர ஏற்பாடுகளை முதன்முதலில் காட்டியது.

ஈரற்கலத்துக்கு இந்த ஏற்பாடுகள் மிக இன்றியமையாதவை. குருதிக்கு வேண்டிய புரதங்களில் பெரும்பகுதியை ஈரலே செய்கிறது. அல்புமின் என்ற ஒரு புரதம் மட்டும் நாளொன்றுக்குப் பத்துக் கிராமுக்கு மேல் உற்பத்தியாகிறது. இந்த உற்பத்தி நடக்கும் இடம் கலத்தினுள் மடிந்து மடிந்து கிடக்கும் அகமுதலுருச் சிறுவலை. இங்கேதான் புரதங்கள் உரிய வடிவில் மடிக்கப்படுகின்றன. வைரஸ் வந்ததும் இந்தப் பட்டறையையே தன் புரதங்களைச் செய்யப் பயன்படுத்துகிறது.

மலையகத்தவருக்கு இதை விளக்கத் தேயிலைத் தொழிற்சாலையைக் காட்டலாம். ஒரு நாள் அளவுக்கு மீறிக் கொழுந்து வந்து குவிகிறது. வாட்டுவதற்கு இடமில்லை, அரைக்கும் இயந்திரம் போதவில்லை, குவிந்த கொழுந்து புழுங்கிக் கெடத் தொடங்குகிறது. பொறுப்பானவர் என்ன செய்வார்? முதலில், மலையிலிருந்து மேலும் கொழுந்து வராதபடி நிறுத்துவார். இரண்டாவதாக, உள்ளே வேலைக்கு ஆட்களைக் கூட்டுவார். மூன்றாவதாக, கெட்டுப்போன கொழுந்தை அள்ளி வெளியே கொட்டச் சொல்வார். ஈரற்கலமும் இம்மூன்றையுமே செய்கிறது. புதிய புரத உற்பத்தியை மட்டுப்படுத்துகிறது, மடிப்பதற்கு உதவும் துணைப் புரதங்களைப் பெருக்குகிறது, பிழையாக மடிந்தவற்றை அழிக்கிறது. சிறுவலையின் சுவரில் பதிந்துள்ள மூன்று உணரிகள் இதற்குக் கட்டளை கொடுக்கின்றன. 1980களின் இறுதியிலிருந்து இது துலங்கத் தொடங்கியது. அமெரிக்காவில் பீற்றர் வோல்ற்றரும் ஜப்பானியரான கசுதோஷி மோரியும் இதன் பொறிமுறையைப் பிரித்தறிந்து 2014 இல் லாஸ்கர் விருதைப் பகிர்ந்துகொண்டனர்.

இம்மூன்றும் பயன் தராமல் நெருக்கடி நீண்டால், அதே உணரிகள் வேறு கட்டளை கொடுக்கின்றன. கலம் தன்னை முடித்துக்கொள்கிறது. தீ அடுத்த வீட்டுக்குப் பரவாதிருக்க ஒரு வீட்டை இடித்துவிடுவது போன்றது இது.

வைரஸுக்கென்றே தனியான எச்சரிக்கை மணியும் உண்டு. 1957 இல் ஐசக்ஸும் லின்டன்மனும் கண்டறிந்த இன்ரபெரோன், தொற்றுற்ற கலம் அயலாருக்கு அனுப்பும் எச்சரிக்கை. அதைப் பெற்ற கலம் வைரஸைக் கண்டவுடன் புரத உற்பத்தியையே நிறுத்தும் ஆயத்தத்தில் இருக்கிறது. 2012 இல் ஜெர்மனியின் ஹைடல்பேர்க் ஆய்வாளர், சி வைரஸ் தொற்றிய ஈரற்கலங்களை இன்ரபெரோனுடன் வைத்து அவதானித்தபோது ஒரு வியப்பைக் கண்டனர். கலம் உற்பத்தியை நிறுத்துகிறது, சில மணி நேரத்தில் மீண்டும் தொடங்குகிறது, மறுபடி நிறுத்துகிறது. முற்றாக நிறுத்தினால் தானே இறக்க வேண்டும், நிறுத்தாவிட்டால் வைரஸுக்கு உழைக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே மூச்சை அடக்கியும் விட்டும் அது உயிர் வாழ்கிறது.

வைரஸும் சும்மா இருப்பதில்லை. கலத்தின் இழைமணிகளின் மேற்பரப்பில் மாவ்ஸ் என்றொரு புரதம் இருக்கிறது. வைரஸ் நுழைந்த செய்தி அதன் வழியாகத்தான் செல்ல வேண்டும். ஹெபடைட்டிஸ் ஏ வைரஸ் அந்தப் புரதத்தையே வெட்டிவிடுகிறது என்று ஸ்ரான்லி லெமனின் குழுவினர் 2007 இல் அறிவித்தனர். கம்பளையின் செங்கண்மாரி செய்தியான அதே ஆண்டு! மணியின் கயிற்றை அறுத்துவிட்டுத் திருடன் உள்ளே நடமாடுகிறான். நோயாளர் நான்கு வாரம் எதுவுமறியாமல் நடமாடியதன் காரணங்களில் இதுவும் ஒன்று.

அந்தக் குழுவினரே 2016 இல் எலிகளில் செய்த ஆய்வில் இன்னொரு படி முன்னேறினர். எலியின் மாவ்ஸ் புரதத்தை இந்த வைரஸால் வெட்ட இயலாது. அதனால் இயல்பான எலிகளுக்கு நோய் தொற்றுவதில்லை. இன்ரபெரோன் வேலை செய்யாத எலிகளில் தொற்று ஏற்பட்டபோது, அந்த எச்சரிக்கை வழியே ஈரற்கலங்களின் தற்கொலையைத் தூண்டியது. காவற்படை வந்து சேரும் முன்னரே கலங்கள் தம்மை முடித்துக்கொள்ளத் தொடங்கியிருந்தன. எலிக்கு உண்மையானது அப்படியே மனிதருக்கும் பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. ஆயினும் நாம் தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு விடை இப்போது தெரிகிறது. தீ வைத்தது பெரும்பாலும் உடலேதான், வைரஸை அணைப்பதற்காக.

அணையாத தீ

ஏ வகையில் இந்தத் தீ சில வாரங்களில் அணைந்துவிடுகிறது. இறந்த கலங்களின் இடத்தை ஈரல் புதிய கலங்களால் நிரப்புகிறது. எலியின் ஈரலில் மூன்றில் இரண்டு பங்கை வெட்டி நீக்கினாலும் அது வளர்ந்து நிரம்பும் என்று 1931 இலேயே ஹிக்கின்ஸ், அன்டர்சன் ஆகியோர் காட்டியிருந்தனர். கம்பளையில் நோயுற்றோர் போன்றவர்களுள் மிகப் பெரும்பான்மையோர் எந்தத் தழும்பும் இன்றி மீள்வதற்கு இதுவே காரணம்.

பி, சி வகைகளில் தீ பல்லாண்டுகள் புகைந்து கொண்டிருக்கக்கூடும். 1973 இல் கிரேக்க மருத்துவர் ஹட்சியானிஸும் நியூயோர்க்கின் ஹான்ஸ் பொப்பரும் உள்ளிட்டோர், பி வைரஸைச் சுமப்போரின் ஈரலில் தேய்த்த கண்ணாடி போல மங்கித் தெரியும் கலங்களை விளக்கினர். அகமுதலுருச் சிறுவலை முழுவதும் வைரஸின் மேலுறைப் புரதம் நிறைந்து, அக்கலங்கள் வெளியேற்ற முடியாத சுமையுடன் வாழ்ந்து கொண்டிருந்தன. தொழிற்சாலை நிறையக் கொழுந்து, ஆனால் கதவு திறக்கவில்லை. இந்த நெருக்கீடும், ஓயாத சாவும் மறுவளர்ச்சியும் சேர்ந்து சிலரில் ஈரலைத் தழும்பாக்குகின்றன, வேறு சிலரில் புற்றுநோய்க்கு வழி திறக்கின்றன. 1981 இல் தாய்வானில் 22,707 ஆண்களைத் தொடர்ந்து அவதானித்த பீஸ்லி குழுவினர், ஈரற் புற்றுநோய் ஏறக்குறைய முழுவதும் பி வைரஸைச் சுமப்போருக்கே வருவதைக் காட்டினர்.

இலங்கை 2003 ஆம் ஆண்டிலிருந்து குழந்தைகளுக்கான தடுப்பூசித் திட்டத்தில் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியைச் சேர்த்தது. ஒரு புற்றுநோயைத் தடுக்கும் ஊசி நமது கிராமத்துக் கிளினிக்கில் இலவசமாகப் போடப்படுகிறது என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

கீழாநெல்லியின் இடம்

கண்டியிலும் அயலிலும் செங்கண்மாரி என்றதும் கீழாநெல்லியை நாடாத வீடு குறைவு. இதை எள்ளி ஒதுக்குவது எளிது. விஞ்ஞானம் அப்படி ஒதுக்கவில்லை என்பதே வரலாறு. 1988 இல் சென்னையின் தியாகராஜன் குழுவினர் நோபல் பரிசாளர் புளும்பேர்க்குடன் சேர்ந்து ஆய்வொன்றை வெளியிட்டனர். பி வைரஸைச் சுமந்தோருக்கு 30 நாட்கள் கீழாநெல்லி கொடுத்ததில் 59 வீதமானோரின் குருதியிலிருந்து வைரஸின் மேலுறைப் புரதம் மறைந்தது என்றும், வெறும் மாத்திரை பெற்றோரில் இது 4 வீதமே என்றும் அவ்வாய்வு சொன்னது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிற நாடுகளில் பின்னர் நடந்த ஆய்வுகள் அந்தப் பயனை மீண்டும் காட்டவில்லை. நாட்டு மருந்துக்கும் மேலை மருந்துக்கும் ஒரே தராசு வேண்டும் என்பதே இதன் பாடம்.

ஏ வகையில் பெரும்பாலோர் மருந்தின்றியே குணமடைவதால், எதைக் கொடுத்தாலும் அது குணமாக்கியதாகத் தோன்றும். இந்தத் தோற்றத்துக்குள்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. நெருக்கீட்டில் இருக்கும் ஈரற்கலத்துக்கு மேலும் சுமை ஏற்றுவதே நாம் செய்யக்கூடிய பெருங்கேடு. மதுவைச் சொல்ல வேண்டியதில்லை. காய்ச்சலுக்கு என்று கணக்கின்றி விழுங்கும் பரசிற்றமோலும் அளவு மீறினால் ஈரற்கலத்தின் பாதுகாப்பு இருப்பைத் தீர்த்துவிடுகிறது. பெயர் தெரியாத கலவைக் கசாயங்களும் அப்படியே. பட்டினி போடுவதும் உதவி அல்ல. கலத்தின் மறுவளர்ச்சிக்கு உணவு வேண்டும். கர்ப்பிணிக்குச் செங்கண்மாரி வந்தால் ஒரு நாளும் தாமதிக்காமல் வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்பது டில்லி கற்றுத்தந்த பாடம். நோயாளி தடுமாறிப் பேசினாலோ, அளவுக்கு மீறி உறங்கினாலோ, குருதி கசிந்தாலோ அது அவசர நிலை.

மீண்டும் மகாவலிக்கு

இந்த விஞ்ஞானம் முழுவதையும் அறிந்த பின்னரும், ஹெபடைட்டிஸ் ஏ க்கு எதிராக நமது நகரங்களின் பெரிய ஆயுதம் தண்ணீர்க் குழாயும் மலக்குழியுமே. கம்பளையைத் தாண்டும் மகாவலி பேராதனைக்கும் கண்டிக்கும் வருகிறது. கண்டி வாவியின் மிகுநீரை எடுத்துச் செல்லும் மெதஎல, நகரின் அழுக்கையும் சுமந்துகொண்டு கெட்டம்பேயருகே அதே மகாவலியில் கலக்கிறது. கண்டி மாநகரின் கழிவுநீரைச் சுத்திகரிக்க ஜப்பானிய உதவியுடன் கன்னொறுவையில் நிலையம் ஒன்று அமைக்கப்பட்டது நல்ல செய்தி. ஆனால் ஆற்றங்கரை நெடுகிலும் சிறு நகரங்கள் உள்ளன. பீலித் தண்ணீரை நம்பிய தோட்டக் குடியிருப்புகள் உள்ளன.

2009 இல் வன்னிப் போரின் இறுதியில் வவுனியா மெனிக் பாம் முகாமில் இலட்சக்கணக்கானோர் அடைபட்டிருந்தபோதும் ஹெபடைட்டிஸ் ஏ பரவியது. நெரிசலும் போதாத தண்ணீரும் போதாத மலசலகூடமும் எங்கே சேர்கின்றனவோ அங்கே இந்த வைரஸ் தவறாமல் வந்து சேரும். அதற்கு மொழியோ இனமோ தெரியாது.

இதில் ஒரு முரண்பாடும் உண்டு. இந்த வைரஸ் சிறு குழந்தைக்குத் தொற்றினால் பெரும்பாலும் அறிகுறியே இராது. வாழ்நாள் எதிர்ப்புச் சக்தி எஞ்சும். வளர்ந்தவருக்குத் தொற்றினால் பெரும்பாலும் கண் மஞ்சளாகும், நோயும் கடுமையாகும். சுகாதாரம் மேம்படும் நாட்டில் குழந்தைகள் தொற்றாமல் வளர்கின்றனர். அவர்கள் இளைஞராகும்போது ஒரே ஒரு குழாய் கெட்டாலும் ஒரு நகரமே படுக்கிறது. அரைகுறையாக முன்னேறிய நகருக்கே ஆபத்து அதிகம். முன்னேற்றத்தைப் பாதியில் நிறுத்திவிட முடியாது என்பதே இதன் பொருள்.

பரவலை விசாரிப்போர் எதிர்கொள்ளும் சிக்கலும் இங்கேதான். முதல் நோயாளி வைத்தியசாலைக்கு வரும்போது அவர் பருகிய தண்ணீர் நான்கு வாரத்துக்கு முந்தையது. அது ஆற்றோடு போய்விட்டது. அன்று எடுக்கும் மாதிரி சுத்தமாக இருக்கலாம். ஆகவே ஒரு நகரின் தண்ணீரை நோய் வந்தபின் பரிசோதிப்பதில் பயன் குறைவு. நோயில்லாத நாட்களிலும் இடைவிடாது பரிசோதித்து, முடிவை மக்களறிய வெளியிட வேண்டும். கண் மஞ்சளாகும் வரை ஈரற்கலம் தன் துன்பத்தை வெளியே சொல்வதில்லை. அதன் சார்பில் கேட்கும் பொறுப்பு நகரசபைகளுக்கும் சுகாதாரப் பரிசோதகர்களுக்கும் உண்டு, பத்திரிகைகளுக்கும் உண்டு. அடுத்த முறை உங்கள் ஊரின் குழாய்த் தண்ணீர் கலங்கி வந்தால், அதைக் கொதிக்க வையுங்கள். அன்றே ஒரு முறைப்பாட்டுக் கடிதமும் எழுதுங்கள்.